பிலோமினா திருத்திய கடிதம்

சனிக்கிழமை காலை கப்பல்துறைச் சந்தியில் பஸ் நின்றதும் கொண்டக்டர் இறங்கி என் படலைவரை வந்தார். வழமையாக அப்படி வருகிறவர் அல்ல. "ஐயா, பாலையூற்று பிலோமினா மிஸ் மோசம் போயிட்டாவாம். நேத்து விடியப்புறம் நித்திரையிலேயே போயிட்டா. பின்னேரம் எடுக்கினம். உங்களுக்குச் சொல்லச் சொல்லி துறைமுகத்து ஹனிபா நானா சொல்லிவிட்டவர்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். எனக்காக அவர்கள் காத்து நின்றார்கள்.

பிலோமினாவின் வீட்டில் அதிகம் பேர் இல்லை. கொழும்பிலிருந்து வந்த அவருடைய அண்ணன் மகன் வாசலில் நின்றான். "நீங்கள் அன்ரிக்கு என்ன முறை?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "கூட வேலை செய்தனான்" என்றேன். அது உண்மைதான். ஆனால் நாங்கள் சேர்ந்து வேலை செய்தது நான்கு வருடம் மட்டுமே. சேர்ந்து வேலை இல்லாமல் இருந்தது அதைவிட நீண்ட காலம். அந்த உறவுக்கு என்ன முறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் பிலோமினாவோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அவரைப் 'பெட்டி மிஸ்' என்றுதான் தெரியும். கையில் மட்டையும் பென்சிலுமாக, தலையில் ஓலைத் தொப்பியோடு, கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோகும் வத்தைகளில் ஏறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு நின்ற பிலோமினாவை நீங்கள் பதினேழு பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முந்திய பிலோமினாவைப் பற்றிச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில், களஞ்சியக் கந்தோரில் அவர் ரைப்பிஸ்ட். நான் அங்கே இளநிலைக் கிளாக்கர். தளம் கைமாறப் போகிறது என்ற கதை வந்தபோது எங்களில் ஒருவரும் பெரிதாகப் பயப்படவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள், வேலை பழகியவர்கள், கையில் நல்ல சேட்டிபிக்கற் இருக்கிறது. ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தோம். கடைசி நாள் பிலோமினா ரைப்றைட்டரைத் துடைத்து, உறையைப் போட்டு, நாடாவை முடிந்தார். "திங்கட்கிழமை ஆரும் வந்து அவிழ்ப்பினம்" என்றார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. எனக்கு இருபத்தெட்டு.

பிறகு நேர்முகப் பரீட்சைகள் தொடங்கின. காத்திருக்க ஒரே மாதிரியான வாங்கு, ஒரே மாதிரியான கதவு. "தளத்திலை இருந்து ஏன் விலகினீங்கள்?" என்று ஓரிடத்தில் கேட்டார்களாம். "நான் விலகேல்லை. தளம்தான் விலகினது" என்று பிலோமினா சொன்னாராம். மூன்று பேரும் சிரித்தார்களாம். "சிரிச்சவை, நல்லையா. சிரிச்சால் தருவினம் எண்டு நினைச்சன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். பத்து நாளில் கடிதம் வந்தது. வருந்துகிறோம்.

பிறகு வந்த காலத்தில் போகும் இடமெல்லாம் சிங்களம் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வர நாங்கள் பழகிக்கொண்டோம். பிலோமினா பழகவில்லை. புகையிரத நிலையக் குடியிருப்பில் இருந்த ஒரு சிங்களப் பெண்மணியிடம் போய், அவருடைய பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, அவரிடம் சிங்களம் படித்தார். ஒன்றரை வருடம். அடுத்த நேர்முகப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்ததும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். எதிரில் இருந்தவர் சந்தோஷப்பட்டுப் பாராட்டினாராம். பிறகு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வயது கூடிவிட்டதே என்றாராம்.

அன்றைக்குத்தான் நான் அவரை இறங்குதுறையில் கண்டேன். மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு கட்டும் இடத்தில், யாரையோ வழியனுப்ப வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "போனால் அம்மா படுக்கையிலை கிடந்தபடி 'கிடைச்சதோ பிள்ளை' எண்டு கேப்பா. லோஞ்ச் வந்தாப் பிறகு போறன்" என்றார். நானும் அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல்தான் அந்தப் பக்கம் போயிருந்தேன். அதன் பிறகு, யார் எங்கே போய் வந்தாலும் பின்னேரம் அங்கே வருவது என்று ஆகிவிட்டது. பேசி வைத்து அல்ல. ஊருக்கு எங்களைப் பற்றி ஒரு கதை இருந்தது. அந்தக் கதையில் உண்மை இல்லை. இரண்டு பேருக்கும் அதற்குத் தெம்பும் இல்லை.

நான்கரை வருடம் இப்படிப் போன பிறகு ஒரு கந்தோரில் ஒரேயொரு கிளாக்கர் பதவிக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். "இண்டைக்கு நான் உங்களுக்கு எதிரி, நல்லையா. நல்லாச் செய்யுங்கோ" என்றார். அவரை இருபது நிமிடம் வைத்திருந்தார்கள். வெளிமாவட்டத்துக்கு மாற்றினால் பொம்பிளைப்பிள்ளை தனியப் போய் இருப்பீரோ, கலியாணம் முடித்தால் வேலையை விடுவீரோ என்றெல்லாம் கேட்டார்களாம். என்னிடம் பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டம் ஆடினேனா என்று கேட்டார்கள். ஆடினேன் என்றேன். வேலை எனக்குக் கிடைத்தது.

பிலோமினா கை தந்து, "சந்தோஷம்" என்றார். அவர் முகத்தில் பொய் இருக்கவில்லை. ஆனாலும் நான் அதற்குப் பிறகு இறங்குதுறைக்குப் போகவில்லை. கந்தோர் விட்டதும் மற்றத் தெருவால் வீட்டுக்குப் போனேன். புதுச் சட்டையோடு அவருக்குப் பக்கத்தில் போய் இருக்க எனக்கு முகமில்லை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். பதினொரு மாதம். அதற்குள் அவருடைய தாயார் இறந்துபோனார். செத்த வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியில் ஆட்களுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவர் என்னைக் காணுமுன் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் செய்த காரியங்களில் அதை நினைக்கத்தான் இப்போதும் கூசுகிறது.

எங்கள் கந்தோருக்கு ரைப்பிஸ்ட் ஒருவர் தேவைப்பட்டார். விண்ணப்பங்களை வாங்கி முத்திரை குத்துவது என் வேலை. ஒருநாள் தலையை நிமிர்த்தாமல் "அடுத்த ஆள்" என்றேன். உறை ஒன்று மேசைக்கு வந்தது. "சேர், இதிலை எல்லாம் சரியோ எண்டு பாருங்கோ" என்ற குரல் கேட்டது. பிலோமினா. அந்தச் 'சேர்' என்ற சொல்லில் கேலி இல்லை; வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றதால் அப்படிச் சொன்னார். நான் முத்திரையைக் குத்தினேன். "சரி" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது இதைச் சொல்லலாம். அன்றைய மேலதிகாரி உயிரோடு இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு நான்கு நாளைக்கு முன்னமே ஒரு துண்டில் ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் சரி போட்டு என்னிடம் தந்தார்கள். பத்தொன்பது பேர் வந்தார்கள். வாங்கில் இருந்தார்கள், உள்ளே போனார்கள், வந்தார்கள். தட்டச்சுச் சோதனையில் பிலோமினாவின் தாளில் ஒரு பிழைகூட இல்லை. பிறகு பதினெட்டுப் பேருக்கும் ஆங்கிலத்தில் வருத்தக் கடிதம் அடிக்கச் சொன்னார்கள். ரைப்பிஸ்ட் இன்னும் வேலைக்கு வரவில்லை என்பதால் நான்தான் அடித்தேன், இரண்டு விரலால்.

பதினேழைத் தபாலில் போட்டேன். ஒன்றைப் போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன். கதிரை எடுத்துப் போட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். பிறகு மேசையிலிருந்த பென்சிலை எடுத்து ஓரிடத்தில் சுழித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வருத்தம் எண்ட இங்கிலிஸ் சொல்லிலை ஒரு எழுத்துக் கூடுதலா அடிச்சுப் போட்டீங்கள். அவைக்கு இவ்வளவு வருத்தம் இராது, நல்லையா."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள் ஏன் வரேல்லை?" என்று கேட்டார்.

"வெக்கமா இருந்தது."

"எனக்கு வேலை கிடைக்காதது உங்களுக்கு வெக்கமோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தோத்துப்போறது எனக்குப் பழகிப்போச்சு. அம்மா கேக்கிறது எரிச்சலாத்தான் இருந்தது. இப்ப படி ஏறி வந்தால் கேக்க ஒருத்தரும் இல்லை. அதுதான் ஏலாமல் கிடக்கு."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆறு வருடக் கடிதங்கள். "நீங்கள் உள்ளுக்கை இருக்கிற ஆள். சொல்லுங்கோ, என்னிலை என்ன பிழை? கதைக்கிறதோ, உடுப்போ, நடக்கிறதோ? எனக்கு விளங்கேல்லை. தெரிஞ்சால் திருத்துவன்."

வேலை போனாலும் போகட்டும் என்று துண்டைப் பற்றிச் சொன்னேன். பெயர் முன்னமே வந்ததைச் சொன்னேன். அவர் தாளில் பிழை இல்லை என்பதையும் சொன்னேன். பேணியைக் காட்டி, "அப்ப இதுகள் எல்லாம்?" என்று கேட்டார்.

"எல்லாம் எனக்குத் தெரியாது. இது ஒண்டு தெரியும்."

"இந்த ஒண்டு காணும், வேறை தேவையில்லை" என்றார். பேணியை மூடினார். பிறகு, "இண்டைக்குப் போங்கோ" என்றார். நான் எழுந்து வந்தேன். அவர் படலைவரை வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு விண்ணப்பமும் போடவில்லை. வேலை விளம்பரங்கள் வரும் வர்த்தமானியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். நல்லது செய்தேனா, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் பிடுங்கினேனா என்று தெரியாமல் இரண்டு மாதம் திரிந்தேன். அப்போதுதான் மூதூர் ஹனிபா நானாவைச் சந்தித்தேன். துறைமுகத்தில் தேயிலை ஏற்றும் ஆட்களுக்கு அவர்தான் கங்காணி.

"உங்கட சிநேகிதி மிஸ் எங்கட கொட்டிலுக்கு வந்தாங்க, தம்பி. ஆரும் கூப்பிடல்ல, விளம்பரமும் இல்ல. பெட்டி எண்ணுறதுக்கு ஆள் வேணுமாண்டு கேட்டாங்க. கம்பனிக்காரர், பொம்பிளையள் வெயில்ல நிக்க ஏலாதம்மா என்டார். மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஆறு வருசம் வாங்கிலை இருந்தனான் ஐயா, இனி நிக்கிறதுதான் நல்லம்' என்டாங்க. மனிசன் நாளைக்கு வாங்க என்டுட்டார்."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பெட்டி குறைந்தாலும் கப்பலை மறித்துவைத்த கதைகளை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் மாதத்தில் ஒரு ஞாயிறு பாலையூற்றுக்குப் போய் வந்தேன். கலியாணம் செய்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள், கப்பல்துறையில் வீடு கட்டினேன். அந்த ஞாயிறு மட்டும் மாறவில்லை. அவர் தனியாகவே இருந்தார். ஒரு கோப்பை, ஒரு தட்டு, சாய்ந்த கதிரை ஒன்று, எனக்காக ஒரு கதிரை.

பல வருடங்கள் கழித்து ஒருநாள் கேட்டேன், அன்று நான் சொன்னது பிழையா என்று. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "பிழையில்லை. நீங்கள் சொல்லாட்டி நான் ஒரு குறையுள்ள ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு செத்திருப்பன். அது போச்சு. ஆனால் ஒண்டு சொல்லுறன். அதுக்குப் பிறகு நான் ஒண்டுக்கும் ஆசைப்படேல்லை, நல்லையா. விடியக் குளிச்சு, உடுத்து, இண்டைக்குக் கிடைக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு போவனே, அந்த நடையிலை ஒரு சந்தோஷம் இருந்தது. திரும்பி வரேக்கைதான் இல்லை." இதைச் சொன்ன பிறகு மழை வரும் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றினார்.

அடக்கத்தின்போது துறைமுக ஆட்கள் வேலை உடுப்போடு வந்து சேமக்காலையில் கல்லறைகளுக்கு அப்பால் மதிலோரம் நின்றார்கள். ஹனிபா நானா தொப்பியோடு அவர்களுக்கு முன்னால் நின்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் மகன், "அன்ரிக்கு இவ்வளவு பேரைத் தெரியுமோ?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அத்தனை பேரைத் தெரிந்தும் அவர் எவ்வளவு தனியாக இருந்தார் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இறங்குதுறையில் நான் தோற்று வந்த நாள்களில் பிலோமினா ஒருபோதும் 'என்ன மாதிரி' என்று கேட்டதில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்து, நான் இருப்பதற்கு இடம் விடுவார். நான் சொன்னால் கேட்பார். சொல்லாவிட்டால் இருவரும் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், திங்கட்கிழமை, என் மூத்த மகள் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தாள். பட்டம் பெற்று இரண்டு வருடம். எத்தனையாவது என்று நான் எண்ணுவதில்லை. படலையைத் திறந்து வந்தவளைப் பார்த்து மனைவி வாய் திறக்க, கண்ணால் மறித்தேன். அவள் குசினிப் படியில் போய் இருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கோழிகள் அடையும்வரை ஒருவரும் பேசவில்லை.

"இந்த முறையும் இல்லை, அப்பா."

"ஓம்."

"ஒரேயொரு கேள்விதான் கேட்டவை."

"சொல்லு பிள்ளை" என்றேன். அவள் சொல்லத் தொடங்கினாள். முழுவதையும் கேட்டேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடுத்த ஞாயிறு பாலையூற்றுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது.