வருவார், வருவான்

ஜெபக்கூடத்தில் அவனுக்குச் சுருதி என்றுதான் பெயர். இருபது வருடமாகக் கீபோர்டு வாசிப்பவன், பாட்டும் அவனே கட்டுவான். யாராவது கொஞ்சம் பிசகிப் பாடினால் பல்வலிக்காரன்போல முகத்தைச் சுளிப்பான். யாருக்காகவும் பாட்டின் கட்டையை இறக்க மாட்டான். ஏறி வர முடிந்தவர்கள் வரலாம், மற்றவர்கள் சும்மா இருக்கலாம்.

ஆண்களை நேசிப்பது பாவம் என்று அவன் கேட்டதும் அதே கூடத்தில்தான். அப்போது வயது பதினாறு. அதை மாற்றச் சொல்லி முழங்கால் தேயக் கெஞ்சினான். ஒன்றும் மாறவில்லை. சரிதான் போ என்று சாமியை விட்டுவிடவும் முடியவில்லை, பாழாய்ப்போன மனசு. கீபோர்டில் கை வைத்தால் அவர் பக்கத்தில் இருக்கிறார். எழுந்தால் இல்லை. அந்த நாற்காலி போனால் அவரும் போய்விடுவார் என்ற பயம் அவனுக்கு.

ஆறு வருடமாக ஒரு பஸ் டிரைவரோடு ஒரே வீட்டில் இருக்கிறான். ஊருக்கு 'ரூம்மேட்'. டிரைவர் பாடினால் எப்போதும் அரைக்கட்டை கீழே. "வாய மூடுடா, பாட்டு செத்துடும்" என்பான் சுருதி. அந்த ஆளுக்காகத்தான் புதுப்பாட்டைக் கட்டினான்: 'வாசல் விளக்கை அணைக்கவில்லை, வருவான்.' கூடத்துக்கு ஏற்றபடி 'வருவார்' என்று மாற்றி இன்னொரு பிரதியும் எழுதினான். செல்போனில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. அச்சுக்கு அனுப்பும்போது விரல் தப்பிவிட்டது.

ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்னால் போதகர் தாளை நீட்டினார். ஏழு இடம். ஏழிலும் 'வருவான்'.

"ஆண்டவர யாராவது அவன் இவன்னு பாடுவாங்களா தம்பி?"

"மாத்தி அனுப்பிட்டேங்க ஐயா."

"அப்போ எழுதினதே இப்படித்தானா?" குரலைத் தாழ்த்தினார். "அச்சுப் பிழைன்னு நீயே மைக்குல சொல்லிடு. சொல்லலேன்னா, இந்த அவன் யாருன்னு எல்லார் முன்னாலயும் நான் கேக்க வேண்டி வரும்."

சுருதி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஏனென்றால் 'உன் பாட்ட ஒரு தடவ வந்து கேளு' என்று நச்சரித்து டிரைவரை அன்றைக்குத்தான் வரவழைத்திருந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், கதவோரக் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான்.

சுருதி மைக்கைப் பிடித்தான். "தாள்ல ஒரு பிழை இருக்கு. 'ன்'ன அடிச்சிட்டு 'ர்'னு போட்டுக்குங்க."

பேனாக்கள் கை மாறின. டிரைவர் நிமிர்ந்து ஒரு தடவை அவனைப் பார்த்தான். கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலை. பக்கத்துப் பெரியவரிடம் பேனா வாங்கினான், தாளை முழங்காலில் வைத்து ஏழையும் பொறுமையாகத் திருத்தினான். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

சுருதி கீபோர்டில் கை வைத்தான். முதல் வரியை வாசித்தான். 'வாசல் விளக்கை அணைக்கவில்லை...' அந்த இடம் வந்தது. ஆண்டவரே, உமக்குத் தெரியாததா, இதை நான் யாருக்கு எழுதினேன் என்று? உம்மிடமே பொய் பாடினால் அப்புறம் எங்கே போய்ப் பாடுவேன்?

"வருவான்" என்று பாடினான்.

கூடம் தடுமாறியது. பாதிப் பேர் 'ர்', சிலர் 'ன்', மீதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது தடவையும் 'வருவான்' என்றான். போதகர் மேடையேறி வந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே சுவிட்சை அணைத்தார். கீபோர்டு செத்தது. மைக்கும் போய்விட்டது.

அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். வெறும் தொண்டையில் தொடர்ந்தான். யாரும் கூடப் பாடவில்லை.

கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தயங்கித் தயங்கி, வழக்கம்போல அரைக்கட்டை கீழே. திருத்திய தாளை மடியில் வைத்துக்கொண்டே 'வருவான்' என்று பாடியது.

இருபது வருடமாக யாருக்காகவும் இறங்காத சுருதி, அரைக்கட்டை இறங்கி அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டான்.