பேயின் காலடியில் சோயா

என் மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு சொல்லும் வராது. ஐந்து வயது முடிந்திருந்தது. வீட்டில் பிரெஞ்சு பேசிப் பார்க்கலாமே என்று ஆசிரியை ஒருநாள் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார், நான்தான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவளோடு தமிழை நிறுத்தினேன். என் பிரெஞ்சு கடைக்கும் அலுவலகங்களுக்கும் போதும், பிள்ளையைக் கொஞ்சப் போதாது. அவள் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். செய்வது சரியா பிழையா என்று தெரியாமலே செய்துகொண்டிருந்தேன்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு யப்பானியக் குடும்பம். அவர்களுடைய மகளும் இவளும் ஒரே வகுப்பு. பெப்ரவரி தொடக்கத்தில் அந்தத் தாய் எங்களை ஒரு மாலை வரச்சொன்னார். அவர்களுடைய கணக்கில் மறுநாள் வசந்தம் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள், வறுத்த சோயாவை எறிந்து வீட்டிலிருக்கும் பேயை வெளியே விரட்டுவார்களாம். தகப்பன் முகமூடி போட்டுப் பேயாக வருவாராம்.

"என்னைக் கேட்டிருக்கலாம். எனக்கு முகமூடியும் தேவையில்லை" என்றார் என் கணவர்.

"ஓம், நானும் சேர்ந்து எறிஞ்சிருப்பன்" என்றேன்.

அவருக்கு உணவகத்தில் மாலை வேலை. நானும் மகளும் போனோம். பேய் ஓடுவதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அவளுக்குத் தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுவிட்டேன். முகமூடியைக் கண்டு பயந்து இன்னும் ஊமையாகிவிடுவாளோ என்று படியேறும்போதே திரும்பிவிட நினைத்தேன்.

அவர்கள் கதவில் முள்ளிலைக் கொப்பொன்றில் சூடைமீன் தலை குத்தியிருந்தது. நாங்கள் தேசிக்காயும் மிளகாயும் கட்டுவதுபோல. மீன் எங்கள் தெருத் தமிழ்க்கடையில் வாங்கியதுதான் என்றார் அந்தத் தாய்.

ஆளுக்கொரு கைப்பிடி சோயா கிடைத்தது. சிவப்பு முகமூடியும் இரண்டு கொம்புமாகப் பேய் உறுமிக்கொண்டு வந்தது. "பேயே வெளியே! நன்மையே உள்ளே!" என்று தங்கள் மொழியில் கத்தியபடி அந்தச் சிறுமி எறிந்தாள். என் மகள் பொத்திய கையோடு என்னையே பார்த்தாள்.

பயமில்லை அது. சாப்பாட்டை எறியக்கூடாது, மிதிக்கக்கூடாது, காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று சொல்லி வளர்த்தவள் நான். இப்போது எறியச் சொல்லி நானே கூட்டிவந்திருக்கிறேன். பிரெஞ்சில் "எறி" என்றேன். கை விரியவில்லை.

பேய் இன்னும் கிட்ட வந்தது. அதன் காலடியில் சோயா நொறுங்கியது.

"மாமா, காலைத் தூக்குங்கோ! சாப்பாட்டை மிதிக்கக்கூடாது!"

அவள்தான். அந்நிய வீட்டில், அந்நியரிடம், முழுத்தொண்டையில்.

சொல் விளங்காவிட்டாலும் நீட்டிய விரல் விளங்கியிருக்க வேண்டும். பேய் ஒற்றைக் காலில் நின்றது. அவள் சொன்னதை நான் பிரெஞ்சில் சொன்னதும் முகமூடியைக் கழற்றி, அதே ஒற்றைக் காலில் அவளைக் குனிந்து வணங்கியது. விழுந்தடித்துச் சிரித்தோம். பிறகு ஐவரும் தரையில் இருந்து சோயாவைப் பொறுக்கினோம். தவறிக் காலில் பட்டதை அவள் கண்ணில் ஒற்ற, அந்தச் சிறுமியும் பார்த்து ஒற்றினாள். கடைசியில் வயதுக்கு ஒன்றாகச் சோயா தின்ன வேண்டுமாம். தொண்டையில் அடைத்துவிடும் என்று என் மகளுடையதை வாங்கி நானே தின்றுவிட்டேன்.

படியிறங்கும்போது கேட்டாள்: "அம்மா, அந்தப் பேய் இனி எங்கை போகும்?"

வழக்கம்போல் பிரெஞ்சில் தொடங்கினேன். பாதியில் விட்டேன்.

"எங்கை போறது? கீழைதான். எங்கடை வீட்டுக்கு."

"அப்பாவைப் பார்க்கவோ?"

"ஓம் குஞ்சு, அப்பாவைப் பார்க்க."

திங்கட்கிழமை பள்ளியில் அவள் பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கோடை விடுமுறைக்குச் சற்று முன்னர்தான் பேசினாள். அவ்வளவு நாளும் நான் அவளோடு தமிழிலேயே கதைத்தேன், பிழையாக இருக்குமோ என்று பயந்துகொண்டே.