யார் அந்த ஏழுமலை?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் சிதம்பரம் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கயல்விழி. கடலூர்ப் பக்கம் மீனவ கிராமத்துப் பெண். கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“அக்கா, ஏழுமலைன்னா யாரு?”

என் மனைவி வசந்தா திருதிருவென்று விழித்தாள். “என் தம்பி. ஏன், அவனுக்கு என்ன?”

“எங்க கைடு அதத்தான் கேக்கறாரு. நான் ஒருத்தன் இங்க இருக்கறப்ப உன் தீசிஸுக்குக் கரெக்‌ஷன் போடற இன்னொரு கைடு யாருன்னு கத்தறாருக்கா!”

விஷயம் இதுதான். வசந்தா இரண்டு மாதமாக வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறாள். கயல்விழிதான் முதல் கஸ்டமர். கம்ப்யூட்டர் கொடுத்தது வசந்தாவின் தம்பி ஏழுமலை. கடலூர் கோர்ட் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவன். புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, “இது எங்க அக்காவுக்கு” என்று இறக்கிவிட்டுப் போனான்.

கயல்விழியின் கையெழுத்தில் சந்தேகம் வரும் இடங்களில் வசந்தா ஓரத்தில் கமெண்ட் போடுவாள். ‘இங்கே ஒரு வரி விட்டுப்போன மாதிரி இருக்கிறது.’ ‘இந்த எண்ணிக்கை முன்பக்கத்தோடு ஒத்துவரவில்லை.’ கமெண்ட் போட்டது வசந்தா. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் கம்ப்யூட்டர் அச்சடித்தது — ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலை! கயல் அதைக் கவனிக்காமல் அப்படியே கைடுக்கு அனுப்பிவிட்டாள். மனுஷர் கோபப்பட்டதில் தப்பு இருக்கிறதா என்ன?

“வேற எடத்துல குடுத்து அடிச்சிக்கன்னு சொல்றாருக்கா. இன்னும் ரெண்டு சாப்டர் இருக்கு... எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

வசந்தாவின் முகம் விழுந்துவிட்டது. முதல் கஸ்டமரே கையை விட்டுப் போனால் அடுத்த கஸ்டமர் எப்படி வருவார்?

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் வாசகர்களுக்கு என்னைத் தெரியாதா? நுழையாமல் இருப்பேனா?

“அட, இவ்வளவுதானா! கயலு, உங்க சாருகிட்ட ஒரே ஒரு சாப்டருக்கு டைம் கேளும்மா. மத்தியானத்துக்குள்ள ஏழுமலைய காலி பண்ணிடறேன்.”

ஒருவர் உபயோகித்த கம்ப்யூட்டர் உங்கள் வீட்டுக்கு வந்தால், பழைய பெயர் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று, மெஷினின் பெயர். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். அங்கே பெயர் மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. புதுப்பெயரில் இடைவெளி விடக்கூடாது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு, உள்ளே நுழையும்போது காட்டும் பெயர். மூன்று, வேர்டுக்குள் ஆப்ஷன்ஸில் இருக்கும் பெயர். முதல் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைப்பவர்கள் ஜாஸ்தி. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. மூன்றையும் மாற்றினேன்.

சந்தேகத்துக்கு ஏழுமலைக்கும் ஒரு போன் போட்டேன்.

“மாமா, சி டிரைவுல யூசர்ஸுக்குள்ள என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். அத மட்டும் தொட்றாதீங்க. தொட்டீங்கன்னா மெஷின் படுத்துக்கும்.”

“சரி மச்சான், அது உன் ஞாபகமா கெடந்துட்டுப் போவுது.”

ரீஸ்டார்ட் ஆகி வந்தது. அந்த ஃபோல்டரைத் தவிர எங்கே தேடினாலும் ஏழுமலை கண்ணில் படவில்லை. அன்று மத்தியானம் இரண்டு அப்பளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அடுத்த சாப்டர் போனது. இந்தத் தடவை கயல் உஷாராகக் கமெண்ட்டையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அனுப்பினாள். ஆனால், கைடுக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டதே... ஃபைலின் இன்ஃபோ பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். ஆத்தர் என்ற இடத்தில் ஒரு பெயர். அவருக்கு நன்றாகத் தெரிந்த பெயர். வாராவாரம் இந்தப் பத்தியின் தலையில் அவர் பார்க்கிற பெயர்.

மறுபடி ஸ்கூட்டி. இந்த முறை கயல் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

“போன வாரம் ஏழுமலை, இந்த வாரம் பத்திரிகையில எழுதறவரு... உண்மையச் சொல்லு, உனக்கு யாருதான் எழுதிக் குடுக்கறாங்கன்னு கேக்கறாருண்ணா. மூணு வருஷமா நானும் எங்கம்மாவும் விடியக்காலையில ஏலத்துல நின்னு எழுதுனது. எம் பேரு எங்க போச்சு?”

வசந்தா என் பக்கம் திரும்பினாள்.

“ஏழுமலை பேரு இருந்திச்சுன்னா அது அவன் மெஷினு. உங்க பேரு எதுக்கு வந்திச்சு? நீங்க ஒரு வரி அடிச்சீங்களா?”

“இல்ல... பேர் கேட்டுச்சு... கை தானா...”

“கை தானா! கேஸ் சிலிண்டரு உங்க பேரு, கரண்டு உங்க பேரு, வைஃபை உங்க பேரு. என் தம்பி எனக்குக் குடுத்த ஒண்ணு, அதுலயும் உங்க பேரா? என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

தோணவில்லை. அதுதான் உண்மை. யோசித்துச் செய்திருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லலாம். யோசிக்கவே இல்லை. பெயர் என்று ஒரு கட்டத்தைப் பார்த்தால் என் பெயரை எழுதுவது என்று கை பழகிவிட்டது. வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் இருக்கிறது.

“கொஞ்சம் தள்ளுங்க” என்று வசந்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று இடத்தையும் என்னைக் கேட்காமலே கண்டுபிடித்தாள். டைப் அடிக்கும் முன் கயலைப் பார்த்து, “உன் பேரையே போட்டுடட்டுமா? பிரச்சனை இல்லாம போவும்” என்று கேட்டாள்.

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேணாங்கா. எழுதறது நான், அடிக்கறது நீங்க. உங்க பேரு இருக்கட்டும். கமெண்ட்டையும் அழிக்காம, கையெழுத்து நோட்டையும் எடுத்துனு போயி, அவரு முன்னாடி வெச்சி நானே சொல்லிக்கறேன்.”

சொல்லியிருக்கிறாள். நோட்டில் அவள் அடித்துத் திருத்திய ஒவ்வொரு பக்கத்தையும் கைடு புரட்டிப் பார்த்தாராம். ஓரத்தில் வசந்தா கேட்டிருந்த கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாராம். கடைசி சாப்டரும் எங்கள் வீட்டுக்கே வந்தது.

நேற்றுக் காலை வசந்தாவின் போன் அடித்தது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நான் எடுத்தேன்.

“வசந்தா மேடம் இருக்காங்களா? நான் கயல்விழியோட கைடு பேசறேன். என் புத்தகம் ஒண்ணு டைப் பண்ணணும். சந்தேகம் இருந்தா ஓரத்துல எழுதித் தருவாங்களாமே, அந்த மாதிரியே வேணும்.”

“மாடியில இருக்காங்க சார். ஒரு நிமிஷம், குடுக்கறேன்.”

“நீங்க யாரு பேசறது?”

வாராவாரம் அவர் என்னைப் படிக்கிறவர். பெயரைச் சொல்லியிருக்கலாம்...

“அவங்க வீட்டுக்காரர் சார்” என்றேன்.

“சரி சரி” என்றார். பெயரை அவர் கேட்கவே இல்லை.