ஜெசிந்தா மேடத்தின் பத்தாண்டுத் திட்டம்

பஞ்ச் மிஷினைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார் ஜெசிந்தா மேடம். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் வந்துகொண்டிருக்கிறது. வந்த தாள் சூடு ஆறுவதற்குள் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தாக வேண்டும். பக்கத்து டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு மேசை. வட்ட வட்டமாக விழும் துணுக்குகளை லாரிக் காற்று கிளப்பிவிட, பக்கத்தில் இருப்பவரின் டீயில் போய் மிதக்கின்றன.

"இன்னா மேடம், டீல அட்சத போட்டுக்கினு இருக்கற? யாருக்குக் கல்யாணம்?"

"காலேஜுக்குண்ணே. பொண்ணு பாக்க வர்றாங்க. எடுத்துப் போட்டுட்டுக் குடிங்க."

எதிரே இருக்கும் எண்ணெய் மில் என்னுடையது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கியவன் நான். ஒரு பருப்பை நகத்தால் கீறிப் பார்த்து எவ்வளவு எண்ணெய் தேறும் என்று இன்றும் சொல்வேன். மிஷின் அதற்கப்புறம்தான் சொல்லும். அப்படிப்பட்டவனைத்தான் இந்தச் சமுதாயக் கல்லூரி ஆலோசனைக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதியாகப் போட்டிருந்தார்கள். டிகிரி வாங்கிய நாலு பேருக்கு நடுவில் என் போட்டோதான் பெரியது. விருத்தாசலம் என்ற என் பெயரைவிட மில்லுக்காரர் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

கல்லூரி என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிடாதீர்கள். ஓர் அறக்கட்டளை நடத்தும் இரண்டு மாடி. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், பன்னிரண்டோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்கள் ஒரு வருடம் படிக்கிறார்கள். நோயாளியைக் கவனிக்கும் படிப்பு, தையல், கம்ப்யூட்டர். முடித்தால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிகளில் வேலை. கரும்பு வெட்டுகிறவர் மகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ரத்த அழுத்தம் பார்ப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தது என்னுடைய ரத்த அழுத்தம்தான்.

ஜெசிந்தா மேடமும் அங்கே படித்தவர்தான். கல்லூரி தொடங்கிய முதல் வருடத்து மாணவி. அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இவர் தையல் படித்து, தைத்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, அதே வகுப்புக்கு ஆசிரியையாக வந்தவர். சொந்தக் கையை ஊன்றி எழுந்தவர்களை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் அந்தக் கல்லூரியை வேலை பார்க்கும் இடமாகத்தான் பார்த்தார்கள். இவர் மட்டும் பிறந்த வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

போன வருடம் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. இனி இப்படிப்பட்ட கல்லூரிகள் தரச் சான்று வாங்க வேண்டும். மூன்று பேர் குழு நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடும். தேறினால் ஜூன் மாதம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருப்பவர்களோடு சரி. அந்தப் பொறுப்பைத் தூக்கி மேடத்தின் தலையில் வைத்தார்கள்.

அதிலிருந்து அவருக்கு ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஆதாரம். நடந்தது எதுவானாலும் நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டுமாம். நான் கூட்டத்துக்குப் போனால், "ஐயா, கொஞ்சம் இப்பிடித் திரும்புங்க, போர்டு தெரியணும்" என்று செல்போனைத் தூக்குவார். மரம் நட்டால் போட்டோ, நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போட்டோ. அதை மாடு தின்றபோது மட்டும் எடுக்கவில்லை. வீட்டிலும் இதே கதை என்று அவர் கணவர் ஆண்டோ என்னிடம் குறைப்பட்டார். "மாத்திர போட்டுக்கினேன்னு சொன்னா, காலி அட்டையக் காட்டுன்றா மில்லுக்காரரே. பேஜாரா கீது."

குழு கேட்டதில் முக்கியமானது பத்தாண்டுத் திட்டம். பத்து வருடம் கழித்துக் கல்லூரி எங்கே நிற்கும் என்று எழுதித் தர வேண்டும். மேடம் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளிடமே கேட்டார். பஸ் வேணும் என்றார்கள். மாடிக் கக்கூஸுக்குக் கதவு வேணும் என்றார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அறக்கட்டளைச் செயலாளர் பிரான்சிஸ் சாரிடம் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"உலகத் தரம்னு மொதல் வரில போடும்மா," என்றார் அவர்.

"போட்டுட்டேன் சார். கக்கூஸ் கதவு?"

"அதெல்லாம் திட்டத்துல வராது. அது மெயின்டெனன்ஸ்."

"அப்ப மெயின்டெனன்ஸ்ல போட்ருவீங்களா சார்?"

"மொதல்ல சர்ட்டிபிகேட் வரட்டும்."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "இன்னாம்மா இது, நான் எந்தத் திட்டம் எழுதி மில்லு வெச்சேன்? தெனம் காலைல எழுந்தேன், ஓடனேன்."

"நீங்க உழுந்தா நீங்க ஒர்த்தர்தான் உழுவீங்க ஐயா. இங்க எண்பது பொண்ணுங்க என் முந்தானையப் புடிச்சுக்கினு நிக்குது."

என்னிடம் அப்படிப் பேசுகிறவர்கள் திண்டிவனத்தில் குறைவு. பேசாமல் அந்தக் கதவை நான் போட்டுக் கொடுத்தேன். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

குழு வருவதற்கு மூன்று தேதி எழுதி, ஒன்றைப் பொறுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மேடமும் பிரான்சிஸ் சாரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். முதல் தேதியில் செபஸ்தியார் திருவிழா, தேர் இருக்கிறது, வேண்டாம். இரண்டாவது குடியரசு தினத்துக்கு முந்தின நாள். பிள்ளைகள் பாதிப் பேர் ஒத்திகைக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது சுத்தமான நாள், ஒரு விசேஷமும் இல்லை. சரி என்று பதில் எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆபீஸில் தொங்குவது சர்ச் காலண்டர். தவசு நாள், திருநாள், புனிதர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அமாவாசை இருக்காது.

தேதி என் செல்போனுக்கு வந்தபோது நான் கடலூரில் மிஷினுக்குப் பெல்ட் வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று போன் போட்டேன். "ஏம்மா, அன்னிக்குத் தை அமாவாசையாச்சே!"

 "மேல்மலையனூரு..." என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஜனம் மொய்க்கும். தை அமாவாசைக்கு இன்னும் அதிகம். டவுன் பஸ்ஸையெல்லாம் ஸ்பெஷல் என்று எழுதி அங்கே திருப்பிவிடுவார்கள். கல்லூரிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் செஞ்சி, வளத்தி, மேல்மலையனூர்ப் பக்கம். பஸ்ஸும் இருக்காது, பிள்ளைகளும் கோயில் வாசலில்தான் நிற்பார்கள்.

தேதியை மாற்றக் கேட்டார் மேடம். ஒப்புக்கொண்ட தேதி, மாற்ற முடியாது என்று குழுவின் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக் கெஞ்சியதை நான் பார்த்தேன். மேல்மலையனூர் அன்புச்செல்வி வாய் ஓயாமல் பேசுகிற பெண். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா எலுமிச்ச மால கட்டி விக்குது மேடம். அன்னிக்கு ஒத்த ஆளா சமாளிக்காது. நான் வெடியக்காலைலயே கட்டிக் குட்த்துட்டு வர்றேன் மேடம்."

"எதுல வருவ?"

"நடந்துனா வர்றேன் மேடம்."

நான் என் மில் வேனை அனுப்புவதாகச் சொன்னேன். சொன்னால் செய்கிறவன் நான். விடிவதற்கு முன்பே டிரைவரை அனுப்பினேன். வளத்திக்கு இந்தப் பக்கமே போலீஸ் மறித்து ஒரு வயலில் நிறுத்திவிட்டது. "முன்னயும் போக முடியல, பின்னயும் வர முடியல மொதலாளி. நாலு பக்கமும் வண்டி," என்றான் அவன். என் பேச்சு இந்த ஜில்லாவில் எத்தனையோ இடத்தில் செல்லும். அந்த வயலில் செல்லவில்லை.

குழு வந்தது. ஃபைல்கள் கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி அடுக்கியிருந்தன. பெஞ்சுகள் காலி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள்; வகுப்பு மாற மாற, அவர்களே பின்வழியாக ஓடிப் போய் அடுத்த வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். அது மேடம் சொல்லிச் செய்ததல்ல; அவர்களாகச் செய்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இந்தப் பொண்ணத் தையல்லயும் பாத்தேனே?" என்றார். மேடம் பொய் சொல்லவில்லை. "மத்தவங்க வர முடியல சார். இன்னிக்கு அமாவாசை," என்றார்.

"தெரியும்மா. எங்க வீட்லயும் படையல விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க வேற தேதி எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

சாப்பாட்டு நேரத்தில் மீதிக் கூத்து. கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாயை வரவழைத்து மட்டன் பிரியாணி போடச் சொல்லியிருந்தார் பிரான்சிஸ் சார். தட்டை மூடியிருந்த இலையைத் தூக்கிப் பார்த்த மூன்று பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள். அமாவாசையில் கவிச்சி தொடுவார்களா? வாழைப்பழமும் மோரும் வாங்கி வரச் சொல்லி நானே ஆள் அனுப்பினேன்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரத்தில் அன்புச்செல்வி வந்து சேர்ந்தாள். பாதி தூரம் நடை, மீதி எவனோ ஒருத்தனின் செங்கல் லாரி. சீருடை முழுக்கப் புழுதி, நெற்றி நிறையக் குங்குமம்.

"வந்துட்டேன் மேடம். எங்க மேடம் அவங்க?"

மேடம் அவள் தலையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டார். "போய் மூஞ்சி கழுவிக்கினு சாப்புடு. பிரியாணி அப்பிடியே கீது."

"இன்னிக்கு அமாவாச மேடம்," என்றாள் அந்தப் பெண்.

மார்ச் மாதம் பதில் வந்தது. மாணவர் வருகையும் வகுப்பு நடப்பும் நேரில் காணக் கிடைக்கவில்லை, சான்று இல்லை, ஒரு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். பிரான்சிஸ் சார் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஒரு வருஷம் புள்ளைங்க இல்லாத கட்டடத்த வெச்சுக்கினு இன்னாம்மா பண்றது?" என்றார். கீழ்த்தளத்தைப் போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அவர்கள் வந்து முதல் வேலையாகச் சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆலோசனைக் குழுவும் கலைந்தது.

நான் முட்டி மோதித் திறக்காத கதவு என் வாழ்க்கையில் இல்லை. சென்னை வரைக்கும் போய் இரண்டு பெரிய மனிதர்களைப் பார்த்தேன். இருவரும் நன்றாகக் காபி கொடுத்தார்கள்.

பழைய பிள்ளைகளின் பரீட்சை முடியும் வரை மேடம் மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். பத்தாண்டுத் திட்டத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "இருக்குது ஐயா. அதுல ஒண்ணும் தப்பு இல்ல," என்றார். 

போன வாரம் அவரை மேம்பாலத்துக்கு அடியில், பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். கூடவே ஒரு தாயும் மகளும். அந்தம்மாள் பெயர் லட்சுமியம்மாள், என் ஊர்க்காரர்தான். காணையில் களை எடுக்கிறவர். மகளைச் சேர்க்க விழுப்புரம் வந்து பஸ் மாறி வந்திருக்கிறார்.

"எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்க உங்ககிட்ட படிச்சுதான் ஆஸ்பத்திரில கீதுங்க. இதையும் சேத்துக்குங்க மேடம், புண்ணியமாப் போவும்."

"இங்க இல்லம்மா. இங்க படிச்சா இனிமே செல்லாது. விழுப்புரத்துல ஒரு காலேஜ் இருக்குது, இதே படிப்பு, சான்று வாங்கினது. உங்களுக்கும் கிட்ட."

"அங்க உங்கள மாதிரி யாருனா இருப்பாங்களா?"

"இருப்பாங்க," என்றார் மேடம். "ஜல்தி ஏறுங்க, மதியத்துக்குள்ள போனாதான் ஆபீஸ்ல ஆள் இருக்கும்."

விழுப்புரம் பஸ்ஸில் இருவரையும் ஏற்றி, ஜன்னலோர இடம் பார்த்துப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். வண்டி நகரவில்லை. அந்தப் பெண் ஜன்னல் வழியாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் கையை ஓங்கி, வண்டியின் தகரத்தில் பளார் பளாரென்று இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"