தயார் என்று சொன்ன கணினி

அலுவலகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைப்பாள். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. இந்த ஆபீஸ் ஆமையாலதான் உருப்படுது" என்று மேலாளர் சிரிப்பார்.

உறுப்பு தானப் பதிவகத்தின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. ஒரு சிறுநீரகம் யாருக்கு என்பதைப் பதிவகத்தின் கணினியும் மருத்துவமனையின் கணினியும் சேர்ந்தே எழுத வேண்டும். முதலில் இரண்டும் "தயார்" என்று சொல்லும், பிறகுதான் உறுதி. தயார் என்று சொன்ன கணினி, நடுவில் கரண்ட் போனாலும் சொன்ன சொல் மாறக் கூடாது.

அவளுடைய தம்பியும் அந்த வரிசையில் காத்திருந்தான். எலக்ட்ரீஷியன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். தன் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தாது என்று தெரிந்த அன்றே, வரிசையைத் திறந்து பார்க்கும் அனுமதியைத் தனக்கு நீக்கிவிடும்படி அவள் கேட்டுக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் மின்சாரம் போனது. யூபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் பாதி வேலையில் விழுந்தது. மறுபடி எழுப்பினால், விட்ட வேலையைச் சரிசெய்துகொள்ளும் மீட்சியின் நடுவிலேயே நின்றது. தயார் சொல்லி உறுதிக்குக் காத்திருந்த ஒரு சிறுநீரக ஒதுக்கீட்டுப் பதிவின் ஃபைல் சிதைந்திருந்தது. மருத்துவமனைகளிலிருந்து போன் மேல் போன்.

"அந்த ஒரு ஃபைலை அழிச்சா எந்திரிச்சுக்கும்ல?" என்றார் மேலாளர்.

"எந்திரிச்சுக்கும் சார். ஆனா தயார்னு சொன்னதையே மறந்துடும். அந்தக் கிட்னி யாருக்கும் ஒதுக்காத மாதிரி நிக்கும். அடுத்த ஆளைக் கூப்பிட்டுடும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "காலையில வரிசையைப் பார்த்தேம்மா. அடுத்த ஆள் உன் தம்பி."

விசைப்பலகை மேலிருந்த அவள் விரல்கள் நின்றன. "அப்படின்னா நான் தனியா இதைத் தொடக் கூடாது. பக்கத்துல உட்காருங்க சார்" என்றாள்.

எல்லாவற்றையும் நகலெடுத்தாள். வேறொரு கணினியில் பழைய காப்பு நகலை ஏற்றி, அதன்மேல் ஒவ்வொரு வேலையையும் சர்வர் வரிசையாகக் குறித்துவந்த லாகை முதலிலிருந்து ஓடவிட்டாள். லாகில் அந்தப் பதிவு முழுசாக இருந்தது. அதை ஃபைலுக்கு மாற்றும்போது, எழுதி முடிக்காமலே "எழுதியாச்சு" என்று டிஸ்க் பொய் சொல்லியிருந்தது. மீட்சி முடிந்து, தயார் என்ற பதிவு திரையில் வந்து நின்றது. உறுதியா, ரத்தா? அதை மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். போன் போட்டாள்.

"இங்க உறுதி ஆயிடுச்சு மேடம். கிட்னி ஒதுக்கின அம்மாவை ஆபரேஷனுக்கு வரச் சொல்லியாச்சு. வந்துட்டிருக்காங்க."

அவள் விசைப்பலகையை மேலாளர் பக்கம் நகர்த்தினாள். "உறுதின்னு நீங்களே அடிங்க சார்." அவர் அடித்தார்.

வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "கிடைச்ச அம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியாதுடா."

அடுத்த சிறுநீரகம் வருவதற்குள் அவன் உடம்பு தாங்கவில்லை. மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். அவள் விடுப்பு முடிந்து வந்ததும் முதல் வேலையாக பொய் சொன்ன அந்த வகை டிஸ்க்குகளை எல்லாம் சர்வர்களிலிருந்து கழற்ற வைத்தாள். கரண்டை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, புதியவை சொல் மாறுகின்றனவா என்று பார்த்தாள்.

தம்பி மனைவி அவளோடு பேசவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய அலமாரியை ஒழிக்க வேண்டும் என்று அவளாகவே கூப்பிட்டாள். சட்டைகளை மடித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "அன்னைக்கு அழிச்சிருந்தா, இவரு இருந்திருப்பாரா அண்ணி?"

"தெரியலம்மா. ஒரே கிட்னிக்கு ரெண்டு பேர் போய் நின்னிருப்பாங்க. யார் திரும்பியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியல."

தம்பி மனைவி அடுத்த சட்டையை உதறி, ஒரு முனையை நாத்தனாரிடம் நீட்டினாள். இருவருமாகச் சேர்ந்து மடித்தார்கள்.