இருபத்தாறாம் தேதி கிறிஸ்மஸ்

கிறிஸ்மஸ் காலையில் தெருவே புதுத்துணி கட்டிக்கொண்டு கோயில் பக்கம் போகும்போது, ஜெயபுஷ்பம் மட்டும் வெள்ளைப் புடவையில், டிபன் பையோடு, ஆம்பூர் ரயிலடிப் பக்கம் போவார். எதிரே வருகிறவர்கள் வாழ்த்துச் சொன்னால், "நாளைக்கு சொல்லுங்க, வாங்கிக்கறேன்" என்பார்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பண்டிகை டியூட்டிக்கு முதலில் கை தூக்குகிறவர் அவர்தான். சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்கு வரும் பெண்கள் அன்றைக்காவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைப்பார். அதனால் அவர் வீட்டுப் பண்டிகை இருபத்தாறாம் தேதிதான். "நம்ம வூட்ல ஏசு ஒரு நாள் லேட்டா பொறப்பாரு" என்று சொல்லித்தான் மகன் ஜெஸ்டனை வளர்த்தார். அன்று மாலை கணவர் கிருபானந்தம் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும், எல்லோரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, மாவைப் புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டிப் பொரித்து, கலகலா பலகாரம் செய்வார்கள். கிருபானந்தம் சுருட்டியது மட்டும் நத்தை மாதிரி இருக்கும். ஜெயபுஷ்பம் அதைத்தான் தேடித் தேடித் தின்பார்.

இந்த வருஷம் மருமகள் ஃபீபிக்குத் தலை கிறிஸ்மஸ். வாலாஜாபேட்டையிலிருந்து அவளுடைய அம்மா போனில் கேட்டார்: "அது இன்னாங்க, உங்களுக்கு மட்டும் வேற காலண்டரா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற ஃபீபி தலையைக் குனிந்துகொண்டதை ஜெயபுஷ்பம் பார்த்துவிட்டார். மறுநாளே இருபத்தைந்துக்கு லீவு கேட்டார். வார்டே ஆச்சரியப்பட்டது.

லீவும் கிடைத்தது. ஆனால் பண்டிகைக்கு முதல் நாள், உடை மாற்றும் அறையில், கூட வேலை பார்க்கும் இளம் நர்ஸ் நிஷா முகத்தைக் கழுவிக் கழுவி அழுதுகொண்டிருந்தாள். ஜெயபுஷ்பத்தின் இடத்தில் அவளைப் போட்டிருந்தார்கள். அரக்கோணத்தில் தாயிடம் விட்டிருக்கும் அவள் குழந்தைக்கு அதுதான் முதல் கிறிஸ்மஸ்.

"அழுவாத. நீ ஊருக்குப் போ. நான் வர்றேன்" என்றார் ஜெயபுஷ்பம்.

வீட்டில் சொன்னபோது ஃபீபி, "சரிங்கத்தே" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் மறுநாள் முழுக்க, ஊசி போடும்போதும் கஞ்சி கொடுக்கும்போதும், மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால், ஃபீபி பழைய சுடிதாரில் வாசலில் நின்றாள். தலை கிறிஸ்மஸுக்கு எடுத்த பட்டுப்புடவை எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

"அம்மா போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க. இன்னா சமையல்னு கேட்டாங்க. ரசந்தாம்மா, எங்க வூட்ல நாளைக்குத்தான் கிறிஸ்மஸ்னு சொல்லிட்டேன்."

"நீ கோவமா இருப்பேன்னு நெனச்சேன்."

"நேத்து இருந்துச்சித்தே. காலைல நீங்க சாப்டாமகூட ஓடனத பாத்ததும் போய்டுச்சி."

ஜெயபுஷ்பம், வார்டில் ஒரு நோயாளி கொடுத்த கேக் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். ஓரம்கூடக் கிள்ளாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஃபீபி கை நீட்டினாள். அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, ஒரு விள்ளலை அவள் வாயில் ஊட்டி, உதட்டோரம் ஒட்டிய துகளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.