லோகநாதனின் படவுக்கு எழுதிய கண்

தோணிரேவு நீலமேகம் படவுகளுக்குக் கண் எழுதுகிறவன். புதுப் படவு தண்ணீரில் இறங்குவதற்கு முன் அதன் முகப்பில் இரண்டு கண்களை எழுத வேண்டும், அப்போதுதான் அது வழி பார்த்துப் போகும் என்பது ஏரிக்கரைக் குப்பங்களின் வழக்கம். அவனைப் பற்றிக் கேட்டால், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதன் என்பார்கள். ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்ட பழவேற்காட்டுக்கு அவன் முதன்முதலில் போனபோது என்ன செய்தான் என்று தெரிந்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அது மழை பொய்த்த வருஷம். ஏரி சுண்டி, வலையை இழுத்தால் சேறுதான் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தோணிரேவுக்கு ஒரு ஆள் வந்தான். பட்டணத்தில் துணி வெளுக்கிற வேலை இருக்கிறது, வயிறாரக் கஞ்சி உண்டு என்றான். நீலமேகத்தின் தம்பி கோதண்டமும் இன்னும் சிலரும் அவனை நம்பிப் போனார்கள். போனவர்களில் ஒருவன் மட்டும் தண்ணீரில் குதித்து, நீந்தித் தப்பி வந்தான். வேலையாவது கஞ்சியாவது! தலையை மழித்து, கையைக் கட்டி, கடலில் நின்ற கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். கடலுக்கு அப்பால் பத்தாவியாவில் அடிமையாக விற்கப் போகிறார்களாம்.

ஆள் பிடிக்க அவன் ஊருக்குள் வந்த அன்று நீலமேகம் கோட்டைக்குப்பத்தில் கண் எழுதிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவள் கோதண்டத்தின் மனைவி ருக்கு.

"எங் கையால தண்ணி வாங்கிக் குடிச்சான் மாமா. குடிச்சிட்டு, நல்லா இரும்மான்னு சொன்னான்" என்றாள்.

நீலமேகம் அவளைக் கரைக்குக் கூட்டிப்போய், ஈர மணலில் ஒரு முகத்தை வரைந்தான். மூக்கு இப்படி இல்லை என்று அவள் காலால் அழித்தாள். மறுபடி வரைந்தான். தாடை இன்னும் அகலம் என்றாள். வெயில் ஏறுகிறவரை வரைவதும் அழிப்பதுமாக இருந்தார்கள். கடைசியில், இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்த ஒரு முகம் வந்தது. ருக்கு இந்த முறை அழிக்கவில்லை. அதன் மேல் காறித் துப்பினாள். நீலமேகம் அன்றைக்கே தூரிகையையும் சாயச் சட்டிகளையும் எடுத்துக்கொண்டு, அவனைத் தேடிப் பழவேற்காட்டுக்குத் தோணி ஏறினான்.

ஏரிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பழவேற்காடு ஒரு கோட்டையும் நாலு பனைமரமும்தான். உள்ளே போனதும் அவனுக்குத் தலை சுற்றியது. தோணிரேவில் மொத்தம் இருக்கிற ஜனம் இங்கே ஒரு சந்தில் நின்று தயிர் வாங்கிக்கொண்டிருந்தது. தொப்பிக்கார ஒல்லாந்தர்கள் ஒரு பாஷை பேசினார்கள், மரக்காயர்கள் இன்னொன்று, தெலுங்குச் செட்டிகள் வேறொன்று. கோட்டைப் பக்கமிருந்து காற்றடித்தால் வெடிமருந்து நாறியது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் கடைசியில் அதே அகழியோரம்தான் வந்து சேர்ந்தான்.

சாயக்காரர் தெருவில் மட்டும் அவன் கால் நின்றுவிட்டது. தரையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு துணியில் கொடி ஓடியது, கொடியில் ஒரு சிவப்புப் பறவை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. இந்தச் சிவப்பை எப்படி எடுத்தார்கள், இறகை எந்தப் பக்கமிருந்து இழுத்தார்கள் என்று பார்த்தபடியே நின்றவன், எதற்காக வந்தோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனான். நினைவு வந்ததும் அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. அதற்குப் பிறகு அவன் முகங்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஒரு நாள் புருவம் பிரிந்த ஒருவனைக் கண்டு, பொழுது சாய்கிறவரை அவன் பின்னாலேயே போனான். முன்னால் போனவன் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான். தோளில் வளையல் சரம் தொங்கியது.

"இன்னா நைனா, காலைலேர்ந்து பின்னாடியே வர? வளையல் வோணும்னா வாய தொறந்து கேளேன். யார் கைக்கு?"

யார் கைக்கு? புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால், கையில் கிடக்கும் வளையலைக் கழற்றவும் முடியாமல் போட்டுக்கொண்டிருக்கவும் கூசி ஒருத்தி தோணிரேவில் உட்கார்ந்திருந்தாள். நீலமேகம் திரும்பி நடந்துவிட்டான்.

வயிற்றுப்பாட்டுக்காகப் படவு கட்டும் துறையில் வேலை கேட்டான். அங்கே முடிந்தும் முடியாமலும் ஒரு பெரிய படவு நின்றது. அதன் சொந்தக்காரன் பார்வையிட வந்தான். பெயர் லோகநாதன் என்றார்கள். பட்டு அங்கவஸ்திரம், காதில் கடுக்கன். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டுப் பிரிந்திருந்தது; மணலில் வந்த அதே மூக்கு, அதே அகலத் தாடை.

தச்சன் மரம் செதுக்கும் வாய்ச்சி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஒரே போடு போதும். ஆனால் ஒரே போட்டில் செத்துப்போகிறவனுக்குக் கோதண்டம் பட்டது என்ன தெரியும்? நீலமேகம் வாய்ச்சியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டு, குனிந்து கும்பிட்டான்.

"இன்னாபா, கண்ணு எழுதுற ஆள் நீதானா?" என்றான் லோகநாதன். "என் மொத படவு முகத்துவாரத்துல கவுந்துடுச்சு. கண்ணு சரியா எழுதலன்னு சொல்றாங்க. நான் காட்டூர்க்காரன், வயல்ல பொறந்தவன். கடல் சங்கதி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கண்ணு மேல தப்பில்ல எசமான். மொதலாளி முறை செஞ்சிருக்க மாட்டாரு."

"இன்னா முறை?"

நீலமேகம் சொன்னான். கண் திறக்கிற அன்று முதலாளி தலையையும் மீசையையும் மழிக்க வேண்டும். நகையைக் கழற்றி, ஈரக் கோவணத்தோடு படவின் முன்னால் உட்கார வேண்டும். பிறகு கையைப் படவோடு சேர்த்துக் கட்டி, முகத்துவாரம் தாண்டிக் கடலைத் தொட்டுவிட்டு வர வேண்டும். கரை திரும்புகிறவரை வாய் திறக்கக் கூடாது. இதில் மழிப்பதும் முன்னால் உட்காருவதும் தோணிரேவில் உள்ள வழக்கம்தான். மீதியெல்லாம் நீலமேகத்தின் கைச்சரக்கு. குப்பத்துக் குழந்தைகூடச் சிரித்திருக்கும். வயலில் பிறந்தவன் பயபக்தியோடு தலையாட்டினான்.

"துடுப்பு வலிக்க எங்க ஊர் ஆளுங்களயே கூட்டியாறேன் எசமான். முறை தெரிஞ்சவங்க" என்றான் நீலமேகம். வந்த ஒவ்வொருவனுக்கும் அந்தக் கப்பலில் ஒரு அண்ணனோ மகனோ போயிருந்தான்.

கப்பல் ஒன்று வந்து கடலில் நங்கூரம் போட்டு நின்ற சமயமாகப் பார்த்து நாள் குறித்தார்கள். விடிந்ததும் லோகநாதன் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தான். அவனைப் பார்த்துப் பார்த்து நீலமேகம் கண் எழுதினான். அதைவிட அழகான கண்ணை அவன் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. வேலையில் வஞ்சகம் செய்ய அவன் கைக்கு வரவில்லை.

முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டதும் லோகநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்தபோது படவு கப்பலின் ஓரத்தில் நின்றது. அங்கே வேறு படவுகளிலிருந்து மொட்டைத் தலை ஆட்களைக் கயிறு போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்களைப் பிடித்துக் கரையில் கைமாற்றுவதோடு லோகநாதனின் வேலை முடிந்துவிடும். கப்பல் பக்கம் அவன் வந்ததே இல்லை. அங்கே அவனை அறிந்தவன் ஒருவனும் இல்லை.

முறையெல்லாம் மறந்து அவன் அலறினான். "டேய், நான் லோகநாதன்டா! தரகன்டா நானு! அவுத்து வுடுங்கடா!"

மேலே நின்ற தொப்பிக்காரன் காலையிலிருந்து இதே அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. கயிறு இறங்கியது.

கட்டிய கயிற்றைப் படவிலிருந்து வெட்டிவிடக் குனிந்தபோது நீலமேகம் அவன் காதருகே சொன்னான். "தோணிரேவு கோதண்டம்னு ஒருத்தன் அங்க இருப்பான். அவங்க அண்ணன்தான் அனுப்சான்னு சொல்லு. நல்லா இரு."

ஊருக்குத் திரும்பி, நடந்ததையெல்லாம் ருக்குவிடம் சொன்னான். அவள் வளையலை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அழுதானா மாமா?"

"அழுதான். என் கால்ல தலைய வச்சிக்கினு அழுதான்."

ருக்கு வளையலை மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டாள்.

"பத்தாது" என்றாள்.